மார்க்கருக்கு ஒரு நாற்காலி

எங்கள் கல்லூரி புட்பால் டீமுக்குப் பயிற்சியாளர் யார் என்று அந்தக் காலத்து ரெஜிஸ்டரைப் புரட்டினால் என் பெயர்தான் இருக்கும். பச்சைப் பொய். எனக்குத் தெரிந்தது குண்டு எறிதல். கோயமுத்தூரில் ஒரு வருஷம் விளையாட்டு ஆசிரியர் படிப்புப் படித்தபோது பாடப்புத்தகத்தில் புட்பாலுக்கு என்று நாலு பக்கம் இருந்தது. அதிலும் இரண்டு பக்கம் மைதானத்தின் அளவு. அந்த நாலு பக்கத்தை நம்பித்தான் எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு சின்னக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். புடவை கட்டி, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஆம்பளைப் பையன்களுக்குப் பந்து சொல்லித்தரப் போகிறாள் என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

டீம் மேனேஜர் என்று ஒரு எகனாமிக்ஸ் லெக்சரர் இருந்தார். அவர் மைதானத்துக்கு வந்தது வருஷத்துக்கு இரண்டு தடவை, இரண்டும் போட்டோ எடுக்கிற நாள். மூன்றாவது ஆள் மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, பந்துக்குக் காற்றடிக்கிற வேலைக்குக் கேரளத்துக் கல்லூரிகளில் அதுதான் பெயர். மனுஷர் மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். எஸ்டேட் டீமில் பத்து வருஷம் ஆடியவர். ஒரு ஆட்டத்தில் முட்டி பிசகியது. மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு சுமக்க முடியாமல் வேலை போனது, வேலையோடு எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. இங்கே மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகர அறையில் பெண்டாட்டியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். அந்த அறையும் வேலையோடு வந்ததுதான்.

முதல் வாரம் நான் விசில் ஊதினேன், பையன்கள் ஓடினார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்த மார்க்கர் மட்டும் வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் மைதானம் முழுக்கப் புதுக் கோடுகள். பின்னால் காவல் காக்கிற பேக் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். விங் ஆடுகிறவன் ஓட வேண்டிய வழிக்கு ஒரு வளைவு. பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பார்த்ததும் எனக்கே விளங்கியது. நாலு பக்கப் புத்தகத்தில் விளங்காதது.

நீங்களே பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். அவர் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க டீச்சர். சுண்ணாம்பு சொன்னா கேப்பாங்க."

அவர் சொன்னது நிஜம். டீமில் பாதிப் பேர் நிலபுலம் உள்ள வீட்டுப் பையன்கள். நாற்பது தாண்டிய மனுஷரை "ஏய் மார்க்கர், பந்தை எடு" என்பார்கள். அவர் "இந்தாங்க தம்பி" என்று எடுத்துக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அதே மாதிரி ஒரு பண்ணயத்து வீட்டில் வளர்ந்தவள்தான், அதனால் இன்னும் கூடுதலாகப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேப்டனைப் பிடித்துத் திட்டினேன். அவன் இளித்துக்கொண்டே, மார்க்கரை மார்க்கர் என்றுதானுங்களே டீச்சர் கூப்பிடோணும் என்றான். அவன் அப்பா கல்லூரிக் கமிட்டியில் இருந்தார். கோல் கம்பத்துக்கு மரம் கொடுத்தவரும் அவர்தான்.

எப்படியோ வண்டி ஓடியது. தினமும் மூன்று மணிக்கு அவர் கோடு போடுவார். வாசல்ல கோலம் போட்டாச்சுடா என்று பையன்கள் கேலி பேசிக்கொண்டே போய் வட்டத்தில் நிற்பார்கள். நான் விசில் ஊதிக் கத்துவேன். ஆட்டம் முடிந்ததும் தென்னந்துடைப்பத்தால் எல்லாவற்றையும் பெருக்கிவிடுவார். போன வருஷம் எங்களை ஐந்து கோல் போட்டு அனுப்பிய டீமை அந்த வருஷம் ஒரு கோலில் ஜெயித்தோம். பாராட்டெல்லாம் எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன், அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு பாலக்காட்டு டவுன் கல்லூரியோடு எங்கள் மைதானத்தில் மேட்ச் வந்தது. முதல்நாள் பயிற்சி இருட்டும் வரை நீண்டதால், காலையில் பெருக்கிக்கொள்ளலாம் என்று கோடுகளை விட்டுவிட்டார். ராத்திரி ஐப்பசி மழை பெய்தது. விடிந்து பார்த்தால் சுண்ணாம்பு மண்ணில் ஊறி, வெள்ளையடித்த சுவர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. துடைப்பத்துக்கு அசையவில்லை. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, பக்கத்துத் தொழுவத்திலிருந்து சாணி வாங்கிக் கரைத்து ஒவ்வொரு கோட்டின் மேலும் மெழுகிவிட்டார். மத்தியானம் வெயிலில் சாணி காய்ந்து வெடித்தது. வெடிப்புக்குள்ளிருந்து எல்லாக் கோடும் பல்லைக் காட்டியது.

ரெஃப்ரி மைதானத்தைப் பார்த்தார். இதில் எது கோடு, எது கோலம் என்று மலையாளத்தில் கேட்டார். இதில் ஆட்டம் நடத்த முடியாது, ஒரு வாரத்தில் மைதானத்தைச் சரிசெய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். வந்த டீம் விழுந்து விழுந்து சிரித்தது. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பிரின்சிபால் எனக்கு மெமோ கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். மார்க்கர் எனக்குத் தெரியாமல், தன்னிஷ்டத்துக்குக் கிறுக்கிவிட்டான் என்று ஒரு வரி போதும். அந்தக் காகிதம் கைக்கு வந்ததும் அவரை அனுப்பிவிடுவார்களாம். எனக்குப் பயிற்சிக்காலம் முடிய நாலு மாதம் இருந்தது. நிரந்தரமாக்கும் காகிதம் அதே மேஜையில்தான் கிடந்தது, அதையும் ஒரு தடவை தொட்டுக் காட்டினார்.

மேனேஜர் அன்றைக்குத்தான் மூன்றாவது தடவையாக மைதானத்துக்கு வந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள், ஒரு கூலிக்காரனுக்காக வேலையைக் கெடுத்துக்கொள்வார்களா என்றார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். சாயங்காலம் மார்க்கரே வந்து நின்றார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எழுதிக் குடுத்துருங்க டீச்சர். ஒங்க வேல நெலைக்கணும்லா. ஒரு தடவ லயத்துலேர்ந்து எறங்குனவன், எனக்குப் பழக்கந்தான்."

"ஏனுங்க, எறங்கறதுக்கு ஒரு பழக்கமுங்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தத் தகர அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வரி எழுதினேன். கோடுகளைப் போடச் சொன்னது நான். அந்தக் கோடுகள்தான் எங்கள் பயிற்சி. பயிற்சியாளர் அவர், நான் விசில் ஊதுகிறவள். கீழே கையெழுத்துப் போட்டுப் பிரின்சிபால் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என் உத்தரவுப்படி நடந்தவரை நீக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். சரி, மேட்ச் அன்றைக்கு அவன் சுண்ணாம்பைத் தொடக்கூடாது, வேறு யார் கோடு போடப் போகிறார்கள் என்று கேட்டார்.

"நான் போடறனுங்க" என்றேன்.

போட்டேன். மேல்மண்ணைச் செதுக்கி எறிந்த மைதானத்தில், கயிறு கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது, கேப்டனின் அப்பா உட்பட. பெனால்டி கோடு ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் போனது. யாரோ சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன், சிரிப்பு நின்றது. பிறகு ஆபீஸிலிருந்து என் நாற்காலியைத் தூக்கி வந்து கோட்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டு, மார்க்கரைக் கூப்பிட்டேன். அவர் நகரவே இல்லை. சுண்ணாம்பைத் தொடக்கூடாது என்றுதான் சொன்னார்கள், நாற்காலியைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நீங்கள் உட்காராவிட்டால் நான் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்றேன். வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொல்வது, நாற்காலி விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தார். எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிற மாதிரி.

முடிவுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், அந்த மேட்சில் தோற்றோம். எனக்கு நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை, நாலு மாதத்தில் வெளியே வந்தேன். மார்க்கர் இருந்தார். நான் போன பிறகும் அந்தத் தகர அறையில்தான் இருந்தார். இதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. இருக்கும் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த மேட்சில், பயிற்சிக் கோடுகள் இல்லாத மைதானத்தில் பையன்கள் தடுமாறினார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் கேப்டன் பந்தின் பின்னாலேயே ஓடினான். பின்பக்கம் முழுக்கக் காலி. ஒரு கோல் வாங்கினோம். இன்னொன்று வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அப்போது பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏலே, பின்னால வாலே! ஒன் எடத்துல நில்லு!"

அத்தனை மாதத்தில் அவர் உரத்த குரலை அந்த மைதானம் கேட்டதில்லை. அது மலையில், ஒரு சரிவிலிருந்து மறுசரிவுக்குக் கூப்பிடுகிற குரல். விளையாட்டே ஒரு கணம் நின்றுபோன மாதிரி இருந்தது. கமிட்டி வரிசையில் கேப்டனின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மார்க்கருக்கும் தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், மறுபடியும் நாற்காலி விளிம்புக்கே நகர்ந்துவிட்டார். கேப்டன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பார்த்தான்.

"சரிங்க" என்றான். தன் இடத்துக்கு ஓடினான்.

மார்க்கர் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.