கட்டை விரல் கோல்கீப்பர்

இன்றைக்கு நான் சந்தித்த மணிவண்ணன், கோல் கம்பமாக நட்டு வைத்த இரண்டு மூங்கில்களுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். இரண்டாவது மூங்கிலைத் தொட்டதும் முகம் வாடிவிட்டது. "இருபத்தேழுங்க. காத்தால அளந்தப்ப இருபத்தெட்டு வந்துச்சு. ஒரு அடி எங்கங்க போச்சு?" என்று என்னையே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பவும் முதல் மூங்கிலிலிருந்து ஆரம்பித்தார்.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரர். இந்த மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வயது முப்பத்தொன்று. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போடுகிறார். நடுவில் சாமை. மலை முழுக்க அவரைத் தெரிந்திருப்பது இதற்காக அல்ல. போனில் புட்பால் கேம் ஆடுவதில் அவரை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை என்கிறார்கள். அவர் ஆடும் இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சி. மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுவார். முக்கால் மரம் ஏறினால்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். ஒரு முழங்கை கிளையை வளைத்திருக்க, இரண்டு கட்டை விரலும் போனில் ஓடும். கீழே சாக்கை விரித்துக்கொண்டு நிற்கும் அவர் மனைவி அருணா அண்ணாந்து கத்துவார்: "ஏனுங்க, மொளகு பறிக்கறீங்களா, கோலு போடறீங்களா?"

"ரெண்டுந்தான்" என்று மேலிருந்து பதில் வரும். கூடவே நாலு மிளகுச் சரமும் விழும்.

இவர் வெறும் வேடிக்கை மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் மாசியில் நடக்கும் ஆட்டத்தில், நாலு வருடத்துக்கு முன்பு வாழவந்தி நாட்டு டீம், குண்டனி நாட்டிடம் ஆறு கோல் வாங்கித் தோற்றது. பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பேரும் போவார்களாம். டீம் கேப்டன் கருப்பண்ணன் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுபவர். அவரே சொன்னார்: "அன்னைக்குக் கிரவுண்டுல பாதி எடம் காலியா கெடந்துச்சு. மாடு கட்டியிருக்கலாம்." அந்தத் தோல்விக்கு அடுத்த வாரம் மணிவண்ணன் ஒரு கட்டு கிழங்குக் குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பதினொரு குச்சியை மண்ணில் ஊன்றி, நீ இங்கே, நீ அங்கே, பந்து இந்தப் பக்கம் வந்தால் இந்த மூன்று குச்சியும் இப்படி நகர வேண்டும் என்று காட்டியிருக்கிறார். ஆப்சைடு என்றால் என்ன என்று இந்த நாட்டுக்கே புரிய வைத்தவர் அவர்தான். எல்லாம் கேமில் கற்றது. போன வருடம் அதே குண்டனி நாட்டிடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள். தோற்றும் கருப்பண்ணன் பட்டாசு வெடித்தாராம்.

"எங்க மலையில சமதரையா ஒரு கிரவுண்டு நான் மொதமொதலா பாத்ததே போன்லதாங்க" என்றார் மணிவண்ணன். "கேமுல எல்லாம் மேல இருந்து தெரியும். எவன் எங்க நிக்கறான், எந்த எடம் காலி, எல்லாம். அது ஒரு பெரிய வெளிச்சமுங்க. ஆனா அதுல மூச்சு வாங்காது. அடிபட்டு வுழுந்தவன் மூணு எண்றதுக்குள்ள எந்திரிச்சுருவான். தோத்தா, மறுபடியும்னு ஒரு பட்டன் வரும். இங்க மறுபடியும்னா அடுத்த மாசிதான்."

இத்தனை வருடமும் அவர் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். ஓட முடியாது. நூறு அடி ஓடினால் விலாவைப் பிடித்துக்கொள்வார். வெளியே நின்று குச்சி ஊன்றுவது, மேலே ஏறு, கீழே இறங்கு என்று ஆட்டத்துக்கு முன்னால் சொல்லித் தருவது, அதுதான் அவர் வேலை. டீமில் எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள்.

போன புதன்கிழமை கிழங்கு மூட்டை ஏற்றும்போது ராசப்பன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ராசப்பன்தான் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அன்று சாயங்காலமே டீம் கூடியது. கருப்பண்ணன் எழுந்து, "நம்ம மணிவண்ணன் இருக்கறப்ப என்னடா கவல? பதினோரு பேரையும் தனியா ஆட்டறவன். நீ ஓட வேண்டாம் பங்காளி. நின்னாப் போதும். உக்காந்துக்கிட்டு ஆடறவனுக்கு நிக்கறது ஒரு படி மேலதானே!" என்றாராம். எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. மணிவண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போய், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "அந்தக் கேமுல பத்துப் பேரத்தாங்க நாம ஆட்டறது. கோல்கீப்பர் தானாவே பாய்வான். நான் அவனத் தொட்டதே இல்ல. மத்த எல்லாம் எனக்குத் தெரியும். இது ஒண்ணுதாங்க தெரியாது. சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள கையத் தட்டிப்புட்டாங்க."

அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தூங்கி மூன்று நாளாகிறது என்று அருணா சொன்னார். சோற்றில் கை வைத்தபடி, "உந் தம்பி எந்தக் காலுல அடிப்பான்?" என்று கேட்கிறாராம். இதில் இன்னொரு சிக்கல். அருணா பிறந்தது குண்டனி நாடு. அந்த டீமில் கோல் அடிக்கிறவரே அருணாவின் தம்பி தமிழ்செல்வன். விஷயம் தெரிந்ததும் அவர் போன் செய்திருக்கிறார்: "மாமா, நீங்களாமே? பயப்படாதீங்க. சொல்லிட்டே அடிக்கறேன்."

இன்று மதியம் பயிற்சி. நானும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அறுவடை முடிந்த சாமைக் காடுதான் மைதானம். அறுத்த தாள் காலில் குத்தும். முக்கியமாக, அது சரிவு. ஒரு கோல் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில். பள்ளத்துக் கோலுக்குப் பின்னால் பலாத்தோப்பு வரை பந்து உருண்டு போய்விடும் என்பதால் பச்சை வலையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இங்கே காசு சுண்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. எந்த நாட்டுக்காரர் வந்தாலும் வந்தவர் கேட்கும் பக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும். வருகிற எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: முதல் பாதி மேட்டைப் பார்த்து ஏறி ஆடுவது, களைத்துப் போகும் இரண்டாம் பாதியில் இறங்கி ஆடுவது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதியில் மணிவண்ணன் பள்ளத்துக் கோலில் நிற்பார். மொத்தக் குண்டனி நாடும் சரிவில் அவரை நோக்கி இறங்கி வரும்.

முதலில் அந்தப் பள்ளத்தில்தான் நிறுத்தினார்கள். ராசப்பனின் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றார். எட்டுப் பந்து அடித்தார்கள். ஏழு உள்ளே போனது. எட்டாவது மூங்கிலில் பட்டுத் திரும்பியது. மணிவண்ணன் அந்த மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பந்து வாறப்ப, யாரோ பாய்வாங்கன்னு ஒரு கணம் பாத்துக்கிட்டே நிக்கறனுங்க" என்று என்னிடம் வந்து சொன்னார். "அப்புறந்தான் அந்த யாரோ நானுன்னு ஞாபகம் வருது."

அது மட்டுமில்லை. அவர் கையைக் கவனித்தேன். பந்து நெருங்க நெருங்க இரண்டு கட்டை விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி வேலை செய்ய ஆரம்பித்துவிடுகின்றன. இடது விரல் வட்டம் போடுகிறது. வலது விரல் குத்துகிறது. விரிந்து நிற்க வேண்டிய கை போனைப் பிடித்த கையாகிவிடுகிறது. ராசப்பன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்று, "கைய விரி! கைய விரிடா சாமி! எந்தப் பட்டன அமுக்கற?" என்று கத்தினார்.

பிறகு டீமை இரண்டாகப் பிரித்து, மணிவண்ணனை மேட்டுக் கோலுக்கு மாற்றினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்! அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கிறது. கேமில் தெரிவது போலவே, மேலிருந்து, ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக. மணிவண்ணனின் தோள் இறங்கியது. மூச்சு சீரானது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. எவன் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. விரல் மட்டும் ஓடுகிறது. விரல் அசைத்தும் கருப்பண்ணன் நகராததைப் பார்த்து மணிவண்ணனுக்குக் கோபம் வருகிறது!

கருப்பண்ணன் கீழிருந்து, "ஏண்டா மொறைக்கற? வாயத் தொறந்து சொல்லுடா! நான் என்ன உன் போனுக்குள்ளயா இருக்கறேன்?" என்றார்.

மணிவண்ணன் கையை வாயருகே குவித்தார். பிறகு, "எடப்பக்கம் காலி! எடப்பக்கம் போ!" என்றார். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை பலாத்தோப்பு வரை கேட்டது. அதன் பிறகு அரை மணி நேரம் ஒரு பந்துகூட அந்தக் கோலுக்குப் பக்கத்தில் வரவில்லை. வரும் வழியிலேயே எல்லாவற்றையும் ஆள் வைத்து அடைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லவில்லை.

"முடிஞ்சுதுடா குண்டனி நாடு" என்றார் ராசப்பன்.

மணிவண்ணன் மட்டும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி ஆட்டந்தாங்க இது" என்றார். "அங்க நின்னா ஆளு தெரியறதில்ல. வெறுங் காலும் புழுதியுந்தான் தெரியுது. முன்னால நிக்கறவன் மறச்சுருவான், பின்னால எவன் வாரான்னு தெரியாது. அங்க நான் கோலு வுட்டேன்னு வெச்சுக்கங்க, அப்புறம் நான் குச்சி ஊனுனா எவன் வந்து பாப்பான்? நாலு வருசமாச் சொன்னதெல்லாம் வெறும் கேமுப் பேச்சுன்னு ஆயிருமுங்க."

கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். திரும்பவும் பள்ளத்துக்கு இறங்கினார்.

ஒரு பந்து உள்ளே போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவதாக, இப்போது எதிர்ப்பக்கம் ஆடிய கருப்பண்ணன் இரண்டு ஆள் மறைவில் பந்தை உருட்டிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் மேட்டு வரப்பில் மிளகுக் கூடையோடு நின்ற அருணா, "ஏனுங்க! வலக்கைப் பக்கம்! வலக்கைப் பக்கம் வாறாருங்க!" என்று கத்தினார். மரத்தின் மேல் இருப்பவருக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல். மணிவண்ணன் யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் சாய்ந்து விழுந்தார். பந்து அவர் முழங்கையில் பட்டு வெளியே போனது.

கீழே கிடந்தபடியே மேலே பார்த்தார். முட்டியெல்லாம் தாள் கிழித்திருந்தது. "ஞாயித்துக்கெழமயும் கத்துவியா?" என்றார்.

அருணா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "எந் தம்பிக்கு எதிராவா? நானு யாரு பக்கம்னு எனக்கே தெரியல. உசுர வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கருப்பண்ணன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்து, மணிவண்ணனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது வயிற்றைக் கலக்கும், காலையிலேயே கிளம்பி வந்து சேருங்கள். வந்தால் நிழல் தேடித் தோப்புப் பக்கம் போய் உட்காராதீர்கள். மேட்டு வரப்பில் உட்காருங்கள். இரண்டாம் பாதியில் யார் எந்தப் பக்கமாக இறங்குகிறார்கள் என்று அவருக்குக் கேட்கும்படி கத்துங்கள். பார்க்க வந்தவர்கள் கத்தக்கூடாது என்று இந்த மலையில் விதி கிடையாது. வர முடியாவிட்டால், நல்ல தொண்டை இருக்கிற நாலு பேருக்கு இதை அனுப்பி வையுங்கள்.

நான் வண்டியைக் கிளப்பியபோது எல்லோரும் போயிருந்தார்கள். மணிவண்ணன் மட்டும் பள்ளத்துக் கோலில் நின்று சரிவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உறைக்குள் கட்டை விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அருணா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மிளகுக் கொடி கட்ட இடுப்பில் செருகி வைத்திருந்த வாழை நாரை உருவினார். அவர் கையை இழுத்து, உறையின் மேலேயே, கட்டை விரல் உள்ளே மடங்காதபடி ஆள்காட்டி விரலோடு சேர்த்து வைத்து, கொடியை மரத்தோடு கட்டுவது போலவே, இறுக்காமலும் நழுவ விடாமலும் நாரைச் சுற்றினார். பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த கையைக் காட்டச் சொன்னார்.