மாலதி எண்ணிலிருந்து வந்த பத்திரிகை

புக்கிட் காத்தில் ஊரில் மாலதியும் நானும் பத்து வருடமாக அடுத்தடுத்த வீடு. அவள் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. மாலதிதானே என்று, அது கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துத் திறந்தேன். பத்திரிகை எதுவும் இல்லை. என் பெயரில் அதே கோப்பு எல்லோருக்கும் போகத் தொடங்கியது.

ஓடிப்போய் அவளிடம் கேட்டேன்.

"எனக்கு நேத்தே தெரியும் லா," என்றாள். "என் போனும் அப்படித்தான் ஆச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து, கணவரின் போனில் ஜாசினில் இருக்கும் அக்காவை அழைத்தேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"அக்கா, என் பேர்ல வந்தத தொறக்காதீங்க. நான் ஏமாந்துட்டேன்."

நல்லவேளை, அவர் திறந்திருக்கவில்லை.

அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை மாலதி எனக்குத் தரவில்லையே என்பதுதான் இன்னும் மனதில் ஆறவில்லை.