அப்பா திருத்திய ஊர்

முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையில் கண் எரிய எரியத்தான் எங்கள் ஊர்ப் பேச்சு என் காதில் ஏறியது. ஜெயங்கொண்டத்துக்கும் தா.பழூருக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன ஊரின் முந்திரிக் களத்தில், அம்மா வேலைக்கு வந்த பெண்களிடம் தமிழிலும், கொட்டை வாங்க வரும் வியாபாரியின் மனைவியிடம் அவரிடமே கற்ற உருதுவிலும், எங்களைத் திட்டும்போது செட்டிகுளத்துப் பிறந்த வீட்டுத் தெலுங்கிலும் பேசுவாள். மூன்றிலும் இலக்கணம் பார்த்தவளில்லை, மூன்றிலும் பேரத்தில் தோற்றவளுமில்லை.

அப்பா உள்ளூர்ப் பள்ளியில் தமிழாசிரியர். "வூடு" என்றால் "வீடு" என்பார். துக்கம் சொல்ல வந்தவன் "செத்துட்டாருங்க" என்று அழுதால்கூட, "இயற்கை எய்தினார் என்று சொல்லப்பா" என்று திருத்திவிட்டுத்தான் துண்டைத் தோளில் போடுவார். அவரைக் கண்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் அவர் பேசிய தெலுங்கைக் கேட்டிருந்தால் ஆந்திராக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் எட்டாவது முடித்த வருடம் சிக்கல் வந்தது. ஒன்பதாவதுக்கு ஜெயங்கொண்டம் போக வேண்டும். எங்கள் ஊரில் பஸ் நிற்காது. நின்றால் படிப்பு, நிற்காவிட்டால் முந்திரிக் களம் என்று வீட்டில் முடிவாகிவிட, எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் அம்மாவை முன்னே தள்ளினார்கள்.

"சார், எங்க பொம்பளப் புள்ளைங்க..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"பெண் பிள்ளைகள்" என்றார் பக்கத்தில் நின்ற அப்பா.

"பஸ்ஸு நிக்காமப் போயிடுதுங்க."

"பேருந்து. நிற்காமல்."

அதிகாரி அம்மாவைப் பார்ப்பதா, அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய டிரைவர் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

அம்மா சட்டென்று அப்பாவிடம் திரும்பினாள். "ஏங்க, செத்த சும்மா இருங்க. மொதல்ல பஸ்ஸு நிக்கட்டும், அப்பறம் சாவகாசமா என்னையத் திருத்துங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அம்மா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பள்ளிக்கூடம் திறந்த வாரமே பஸ் நின்றது.

அப்பா சில நாள் அம்மாவிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் நான் சடை பின்னி முடிப்பதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிய அப்பா, தெருவே கேட்கும்படி, "யோவ், நிப்பாட்டுய்யா! எம் புள்ள வருது!" என்று கத்தினார். பஸ் நின்றது. அவரைத் திருத்த அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று இருவருமே இல்லை. களம் மனைகளாகிவிட்டது, ஒரே வாயில் மூன்று பாஷை பேசிப் பேரம் முடிக்கிறவர்களையும் காணோம். திருத்துகிறவர்கள்தான் பெருகிவிட்டார்கள். போன வாரம் எங்கள் ஊர்க்காரர்களின் கைபேசிக் குழுவில் ஓர் இளைஞன், அரியலூர் ஆஸ்பத்திரியில் தங்கைக்கு அவசரமாக "ரெத்தம்" வேண்டுமென்று எழுதியிருந்தான். "இரத்தம் என்பதே சரி" என்று ஒருவர் போட, "குருதி என்பதே தூய தமிழ்" என்று இன்னொருவர் பாய, சண்டை நீண்டுகொண்டே போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தமிழாசிரியர் மகளான எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை, அந்தப் பையனைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"இதுவரைக்கும் யாருமே வரலீங்கம்மா" என்றான்.

"நான் கெளம்பிட்டேன் தம்பி. எந்த வார்டுன்னு மட்டும் சொல்லு."