எட்டடி தள்ளி வைத்த அடுப்பு

ரத்னபாய் எனக்கு அறிமுகமானது அவள் புருஷன் பொன்னுதாஸின் காசநோயால். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை நான்கு மாதம் பார்த்தேன். பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலை அவள் ஆப்பம் சுட உட்கார்ந்துவிட்டாள். ஊர் முணுமுணுத்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆப்பம் சந்தைக்குப் போனால்தான் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. மலையாள மாநிலத்திலிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை நான்கு பேர் கூடினால் மாநில எல்லையைப் பற்றித்தான் பேச்சு. ரத்னபாய்க்கு மட்டும் கவலை வேறொரு எல்லை. நகரசபையின் எல்லைக்கல் அவள் முற்றத்தில் நின்றது. ஆட்டை அதில்தான் கட்டுவாள். கோடு வீட்டின் குறுக்கே போனது. முன்னறை நகரசபைக்குள், பின்னாலிருந்த அடுக்களை பஞ்சாயத்துக்குள்.

வீடு பொன்னுதாஸ் கட்டியது. ஆனால் பஞ்சாயத்துப் புத்தகத்தில் அவன் அண்ணன் ஜெயசிங்கின் பெயர் இருந்தது. குளத்தூரில் சொந்த வீட்டில் இருந்த ஜெயசிங், மூத்தவன் என்ற முறையில் வருஷா வருஷம் வரி கட்டி ரசீதை வைத்துக்கொண்டான். பத்திரம் யாரிடமும் இல்லை. ரசீது யார் பெயரிலோ வீடு அவருடையது என்பதே நடைமுறை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அவன் ரசீதுகளோடு வந்தான்.

"எட்டி ரத்னம், கிறிஸ்துமஸுக்கு முன்ன உனக்க அம்மை வீட்டுக்குப் போயிரு. வீடு எனக்குள்ளதாக்கும்."

"சரி அத்தான், சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அவள்.

மறுநாள் என்னோடு நகரசபைக்கு வந்தாள். பிறப்புக் கணக்கு கொடுக்க நான் மாதம் ஒருமுறை போவது வழக்கம். வரிப் பிரிவில் கருணாகரன் என்ற குமாஸ்தா இருந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், வரியைக் கரம் என்பார், ஆனால் சட்டத்தைக் கலக்க மாட்டார்.

"சாரே, எனக்க வீட்டுக்கு எனக்க பேருல வரி போடணும்" என்றாள் ரத்னபாய்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கரம் குறைக்கணும்னு ஆளு வரும். கரம் போடணும்னு வந்தது நிங்ஙள் ஒராளாக்கும்."

கோடு வீட்டுக்கு நடுவில் போவதைச் சொன்னாள்.

"அடுப்பு எந்தப் பக்கமோ, வீடு அந்தப் பக்கம். அதாக்கும் இங்கத்தெ ரீதி. அடுப்பு நம்ம பக்கம் உண்டெங்கில், குடியிருக்குந்த ஆளுடெ பேரில் கரம் எழுதும். வெள்ளிக்கிழமை வந்து நோக்கும்."

அன்று புதன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நர்ஸம்மா, அடுப்பை மாத்தக்கூடாதுன்னு சட்டம் உண்டா?"

"நான் கேள்விப்பட்டதில்ல."

அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டோம். அடுப்புப் போடுவதில் அவள் கைகாரி. வியாழன் காலை பழைய அடுப்பை இடித்து, அதன் கற்களையே முன்னறை மூலைக்குச் சுமந்தோம். அளந்தால் எட்டடி. குழைத்த மண்ணில் பிள்ளைகள் முழங்கால்வரை நின்று மிதித்தார்கள். புகைபோக நான் சுவரில் ஓட்டை போடச் சொன்னேன். நெஞ்சுநோய் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

"எட்டி, ஈரம் காயாம ஆப்பச்சட்டியை ஏத்தினா அடுப்பு உக்காந்திரும்" என்றாள் கிருஷ்ணம்மா. "ரெண்டு நாளு வேணும்."

விடிந்தால் வெள்ளி. எரியாத அடுப்பை அடுப்பென்று எப்படிக் காட்டுவது?

அன்று மாலை ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று வந்தது. வெள்ளியும் சனியும் ஹர்த்தால், கடையும் ஆபீசும் திறக்காது என்று அறிவித்தது. அந்தக் குரலைக் கேட்டு ரத்னபாய் வாசலுக்கு ஓடினாள். வண்டிக்குள் மைக்கைப் பிடித்திருந்தது ஜெயசிங்.

"அத்தான், திங்கக்கிழமையும் சேத்துச் சொல்லுங்க!" என்று கத்தினாள். கிளர்ச்சியில் அவளுக்குப் பற்று வந்துவிட்டது என்று நினைத்து அவன் கையசைத்துப் போனான். கிருஷ்ணம்மா சிரித்துச் சிரித்து மண்குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாளும் சிரட்டைக் கனலில் அடுப்பைக் காயவைத்தோம். ஞாயிறு வேதக்கோவிலுக்குப் போய்வந்து முதல் ஆப்பம் சுட்டாள். கரையெல்லாம் மொரமொரவென்று வந்தது.

திங்களன்று கருணாகரன் அளவுச் சங்கிலியோடு வந்தார். எல்லைக்கல்லிலிருந்து அளந்தார், அடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்போ வச்ச அடுப்பு?"

பொய் சொல்வாளோ என்று நான் பார்த்தேன். "வியாழக்கிழமை சாரே."

"நான் வரும்னு அறிஞ்ஞிட்டோ?"

"ஆமா சாரே. அடுப்புக்குப் பிறப்புப் பதிவு வேணும்னா நர்ஸம்மா எழுதித் தருவாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வேண்டா. இன்னு நோக்கும்போ எவிடெ உண்டு, அதுதான் கணக்கு" என்று எழுதிக்கொண்டார். போகும்போது ஆறு ஆப்பம் வாங்கினார். காசு கொடுத்துத்தான்.

ஜெயசிங் ஆட்சேப மனு கொடுத்தான். டிசம்பர் இரண்டாம் வாரம் நகரசபைத் தலைவர் முன்னால் விசாரணை. மனுவைப் படித்த தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஓய், யாரும் வரி கொடுக்காதீங்கன்னு போன வாரம் சந்தையில பிரசங்கம் பண்ணினது நீர்தானே?"

"அது... பொதுவா சொன்னது."

"இங்க, வரி எனக்குத்தான் போடணும்னு எழுதியிருக்கு. சரி, ராத்திரி எங்க சோறு உண்ணுதீர்?"

"குளத்தூரில."

"அப்போ குளத்தூரில வரி கொடும்."

மனு தள்ளுபடி. வெளியே வந்த ஜெயசிங் பத்தடி தள்ளியே நின்றான். ரத்னபாய்தான் அவனிடம் போனாள். "அத்தான், கிறிஸ்துமஸுக்கு அண்ணியையும் பிள்ளையளையும் கூட்டிட்டு வாருங்க. புதுசா வச்ச அடுப்பாக்கும்." வந்தான். பன்னிரண்டு ஆப்பம் தின்றான், எண்ணியது கிருஷ்ணம்மா.

வரி நோட்டீஸ் ஜனவரியில் வந்தது. ஆள் பெயர் ரத்னபாய், வயது இருபத்தெட்டு என்று இருந்தது. அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு.

"தப்பா எழுதியிருக்கு. திருத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சும்மா இரும் நர்ஸம்மா" என்றாள். "சர்க்கார் எழுதினதை நாம திருத்தக்கூடாது."