விளக்கெண்ணெய் குடித்த காரும் எங்கள் அக்காவும்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த மலரில் அவருடைய மகன்கள் இருவரும் தங்கள் தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னாலும் அக்காவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதைக் கூடவே இருந்து பார்த்தவர்களில் தங்கையாகிய நான் மட்டுமே மிச்சம். "சித்தி, படிக்கிறவங்க அழாம இருக்கிற மாதிரி எழுதுங்க" என்று மூத்தவன் கேட்டுக்கொண்டான். அக்காவைப் பற்றி அழ வைக்கும்படி எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருந்திருக்கும்.

அக்கா பிறந்தது சாந்தோமில், கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில். அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். என்னைப் பெற்ற காய்ச்சலில் அம்மா காலமானார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காதான் எனக்குப் பால் புட்டி பிடித்தார், தலை வாரிவிட்டார், பிறகு தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். படிப்பு முடிந்ததும் பிரசவம் பார்க்கும் நர்ஸாகப் பயிற்சி எடுத்தார். ஏன் இந்த வேலை என்று யாராவது கேட்டால், "வெள்ளைச் சேலை துவைக்க சுலபம்" என்பார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அவர் வாயால் சொல்லாததை நானும் இங்கே எழுதவில்லை.

லஸ் பக்கத்தில் சிறிய பிரசவ மருத்துவமனை நடத்திவந்த ஒரு டாக்டரம்மாவிடம் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். டாக்டரம்மாவிடம் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய சிறிய கார் இருந்தது. பிரசவம் இல்லாத மாலைகளில் பொழுது போகாமல் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார் அக்கா. சேலை கட்டிய நர்ஸ் ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்க சாந்தோம் நெடுஞ்சாலையில் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட காலம் அது.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. டாக்டரம்மாவின் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போனது. போகும்போது அவர் கார் சாவியை அக்கா கையில் கொடுத்து, "கர்ப்பிணிங்க எல்லாரும் ஊரை விட்டுப் போகல. நீ பார்த்துக்கோ" என்றார். குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். "விழற அன்னிக்கும் யாராவது பிள்ளை பெத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க அப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தக் கார் ஓடுவதில் குறையில்லை. நிற்பதிலும் குறையில்லை. திரும்புவதில்தான் தகராறு. அக்கா நல்ல குள்ளம். இருக்கையில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து, லஸ் முனையில் திருப்பும்போது ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். "மாதாவே, மாதாவே" என்பார். அப்படியும் திரும்பாவிட்டால், "என்னடி பார்த்துக்கிட்டு இருக்கே, இழு!" என்று என்னைப் பார்த்துக் கத்துவார். நான் அப்போது ஆசிரியைப் பயிற்சி முடித்து, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் வேலை இல்லாமல் இருந்தேன். திருப்பங்களில் இழுப்பதே என் உத்தியோகமாக இருந்தது.

ராயப்பேட்டையில் காதர் பாய் என்பவர் கார் ஷெட் வைத்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இன்னா நர்ஸம்மா, ஸ்டியரிங் பெட்டில சொட்டு எண்ணெய் இல்ல. உள்ள பல்லுங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சிக்கினு கீது. சீல் போயிடுச்சி."

"புதுசு போடுங்க பாய்."

"புச்சு சீமைலேந்து கப்பல்ல வரணும். கப்பல்ல இப்போ சோல்ஜருங்கதான் வர்றானுங்க. ஊத்தினா ஒழுகும், ஒழுகினா ஊத்து. வேற வழி இல்ல."

ஸ்டியரிங் தண்டு கீழே போய் முடியும் இடத்தில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கும். அதன் தலையில் ஒரு திருகு. அதைக் கழற்றி, உள்ளே கெட்டியான கியர் எண்ணெயை விளிம்பு வரை ஊற்ற வேண்டும். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, கைச்சக்கரத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் குமிழியாக வெளியே வரும். எண்ணெய் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்ற வேண்டும். பழைய எண்ணெய் கறுத்துப்போயிருந்தால் அதை முழுக்க வெளியே எடுத்த பிறகுதான் புதியது. பாய் இதை ஒரு முறைதான் செய்து காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அக்காவே செய்தார். பழைய எண்ணெயை உறிஞ்சி எடுக்க அவர் பயன்படுத்திய கருவி எனிமா பீச்சாங்குழல். அது வண்டிக்கென்று தனியாக ஒதுக்கிய குழல் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

சில மாதங்களில் கியர் எண்ணெய் கடைகளில் கிடைக்காமல் போனது. எல்லாம் பட்டாளத்து லாரிகளுக்குப் போயிற்று. அக்கா யோசித்துப் பாயிடம் கேட்டார்.

"விளக்கெண்ணெய் ஊத்தலாமா பாய்? அதுவும் கெட்டிதானே?"

பாய் காதைப் பொத்திக்கொண்டார். "வண்டிக்கு பேதி ஆவும்மா! அந்த எண்ணெயும் இந்த எண்ணெயும் ஒண்ணா சேராது, கோந்து மாதிரி ஆயிடும். என் ஷெட்டு வாசல்ல அந்தப் பேச்சே வாணாம்."

சேராது என்று மட்டும்தான் அவர் சொன்னார், தனியாக ஊற்றினால் ஆகாது என்று சொல்லவில்லை என்பதை அக்கா கவனித்துக்கொண்டாராம். பிற்பாடு சொன்னார்.

ஒரு நாள் காலை, ஊரூர் குப்பத்திலிருந்து ஆறுமுகம் என்ற மீனவர் ஓடியே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"நர்ஸம்மா, எம் பொண்டாட்டி நேத்துலேந்து வலியில துடிச்சிக்கினு கீறா. கொயந்தை வரமாட்டேங்குது. கொஞ்சம் வாம்மா."

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். இன்றைக்கு பெசன்ட் நகர் என்று மாடி மாடியாக நிற்கும் இடமெல்லாம் அப்போது மணலும் சவுக்கும்தான். சக்கரம் மணலில் புதையப் புதைய, அக்கா வண்டியை வளைத்து வளைத்துக் குப்பத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே போய் ஆறுமுகத்தின் மனைவி கன்னியம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர், வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிள்ளை குறுக்கே கிடக்கு. இங்கே வெச்சுப் பார்க்க முடியாது. எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்" என்றார்.

கன்னியம்மாவைப் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஆறுமுகம் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டார். மணலிலிருந்து வெளியே வரவே அக்கா முழு பலத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. பாலம் வந்தது, தாண்டினோம். வடகரையில் சாலை வளைகிற இடத்தில் அக்கா சக்கரத்தைத் திருப்பினார். திரும்பவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி நின்றது. கார் நேராகவே போய் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்கு முன்னால் நின்றது. மரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் கஷ்டப்பட்டு நுழையலாம்.

அக்கா குனிந்து பார்த்தார். மணலில் பட்ட அவஸ்தையில், மிச்சம் இருந்த கொஞ்சம் எண்ணெயும் ஒழுகிப்போயிருந்தது. வழியில் வேறு வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பையை எடுடி" என்றார் அக்கா.

திருகைக் கழற்றி, பெட்டியில் மிஞ்சியிருந்த கறுப்புக் குழம்பைப் பீச்சாங்குழலால் உறிஞ்சிச் சாலையில் துப்பினார். பிறகு மருத்துவப் பையிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். அதைக் கன்னியம்மா பார்த்துவிட்டாள்.

"ஐயோ, வெளக்கெண்ணெயா! எனக்கு வாணாம்மா! காலைலயே ஊட்ல ஊத்திட்டாங்கோ!"

"உனக்கு இல்லடி கண்ணு, வண்டிக்கு."

கன்னியம்மா வலியையும் மறந்து தலையைத் தூக்கினாள். "வண்டிக்கா? வண்டியும் முழுகாம கீதா?"

அந்த வெயிலில், அந்த நிலைமையில், அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சிரித்தேன், ஆறுமுகம் அழுதுகொண்டே சிரித்தார், கன்னியம்மாவும் சிரித்தாள். அடுத்த வலி வந்து அவள் சிரிப்பைப் பறித்துக்கொண்டு போனது.

ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆட்களை ஆறுமுகம் கூவி அழைத்தார். நாலைந்து பேர் ஈரக் கையோடு ஓடிவந்தார்கள். காரை முதலில் மரத்தை விட்டுப் பின்னால் தள்ளினார்கள். பிறகு முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். "திருப்புடி!" என்றார் அக்கா. நான் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தோடு மல்லுக்கட்டினேன். தூக்கியவர்களுக்குக் கை தளரும்போது அக்கா பழக்க தோஷத்தில், "முக்குங்க, முக்குங்க, இன்னும் கொஞ்சம்தான், மூச்சை விடாதீங்க!" என்று கத்தினார். அவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்களே ஒழிய, காரைக் கீழே விடவில்லை.

முதலில் அசையவில்லை. பிறகு ஒரு விரல் அளவு நகர்ந்தது. பெட்டியின் வாயில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அக்கா இன்னும் ஊற்றினார். இந்தக் கடைசி, அந்தக் கடைசி, மறுபடி இந்தக் கடைசி என்று திருப்பத் திருப்ப, சட்டென்று சக்கரம் என் கையில் தளர்ந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. குமிழிகள் நின்றன. அக்கா புட்டியில் மிச்சம் இருந்ததையும் ஊற்றித் திருகை மூடினார்.

அதற்குப் பிறகு எழும்பூர் வரைக்கும் அக்கா வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. திருப்பங்களில் கார் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அலுங்காமல் திரும்பியது. அன்றைக்கு என் உதவி தேவைப்படவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கன்னியம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவும் கூடப் போனார். நானும் ஆறுமுகமும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார், நான் மாதாவைக் கூப்பிட்டேன், நடுவில் ஒருவர் தெய்வத்தை மற்றவரும் கூப்பிட்டுக்கொண்டோம். வெயில் சாயும் நேரத்தில் அக்கா வந்தார். வெள்ளைச் சேலை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்கா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பார்க்கப் போனபோது கன்னியம்மா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "நர்ஸம்மா, வண்டிக்கு இன்னா கொயந்தை?"

காதர் பாயிடம் போய் அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் திருகைத் திறந்து மோந்து பார்த்தார், சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிப் பார்த்தார், மீசையைத் தடவினார். "சரிம்மா, ஏத்துக்கினு கீது. இனிமே இதையே ஊத்து. வேற எதுவும் கலக்காதே" என்றார். கொஞ்ச நாளில் அவர் ஷெட்டுக்கு வரும் மற்ற வண்டிகளுக்கும் விளக்கெண்ணெய் வைத்தியம் நடப்பதாகக் கேள்விப்பட்டோம். யுத்த பயம் தணிந்து திரும்பி வந்த டாக்டரம்மா, காரை ஓட்டிப் பார்த்து அசந்துபோய், "இவ்வளவு லேசா இருக்கே, என்ன பண்ணினே?" என்று கேட்டார். "மருந்து கொடுத்தேன் டாக்டர்" என்றார் அக்கா.

அத்தானை அக்கா சந்தித்ததும் அந்தக் காரால்தான். கோயில் பாடகர் குழுவுக்கு ஆள் சேர்க்க வந்த அத்தான், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு செருப்புகளிடம்தான் வெகுநேரம் பேசினார். செருப்புகளும் மரியாதையாகப் பதில் சொல்லின. சாந்தோம் கோயிலில் அவர்கள் திருமணம் நடந்தது. அபிராமபுரத்தில் குடியேறினார்கள். இரண்டு மகன்களுக்கு நடுவில் பிறந்த பெண் குழந்தையைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோனது. அந்த வருடம் முழுக்க அக்கா வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. ஆனாலும் ஒரு பிரசவத்துக்குக்கூட அவர் வர முடியாது என்று சொன்னதில்லை. அத்தான் நுரையீரல் நோயில் படுத்த ஆண்டுகளிலும் அப்படித்தான். அவர் மறைந்த பிறகும் வேலையை விடவில்லை, கண் மங்கும் வரைக்கும்.

கடைசி மாதங்களில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். தினமும் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் பெண்ணுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்கும், கஞ்சியும் ரசமும் கொடுத்தனுப்பிய அபிராமபுரத்துப் பக்கத்து வீட்டாருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், மழையிலும் நனைந்து வந்து நின்ற உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

தனியாக இன்னொரு நன்றி பேண்டு வாத்தியக்காரர்களுக்கு. தன் இறுதி ஊர்வலத்தில் சோகப் பாட்டு ஒன்றுகூட வாசிக்கக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு வாசிப்பதைத்தான் வாசிக்க வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர்கள் முதலில் தயங்கினார்கள். பங்குத் தந்தை தலையசைத்ததும் எடுத்து வாசித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு வாசிப்பு! மயிலாப்பூர் முனையில் பேருந்தை நிறுத்தி எட்டிப் பார்த்த கண்டக்டர் என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, யார் ஊட்டு கல்யாணம்?"

"எங்க அக்காவுதுப்பா" என்றேன்.