அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்

அஷ்ரஃபுன்னிசா பொய் சொல்லமாட்டார். வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், வேலை செய்கிற இடத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காலை ஏழு பத்து லோக்கலில் மட்டும் ஒரு பொய் சொல்வார். நாலு வருஷமாக ஒரே பொய்.

வேப்பம்பட்டில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கவேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். நின்றபடிதான் பார்க்கவேண்டும். உட்கார்ந்தால் கண் தப்பவிட்டுவிடும் என்பது கம்பெனியின் கட்சி. அப்படிச் சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். எட்டு மணி நேரம் நிற்கப்போகிற மனுஷிக்கு, ரயிலில் நாற்பது நிமிஷம் உட்காரக் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

வேப்பம்பட்டில் பெண்கள் பெட்டியில் எப்படியும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும். அஷ்ரஃபுன்னிசா வாசலை ஒட்டிய ஓரத்து இடமாகப் பார்த்து உட்காருவார். திருநின்றவூரில் கூட்டம் ஏறும். அதில் ஒரு வயசானவரோ, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தரோ கட்டாயம் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

முதலில் நேர்மையாகத்தான் செய்து பார்த்தார். கீரை மூட்டையோடு ஏறிய ஒரு அம்மாவைப் பார்த்து எழுந்து, "ஒக்காருங்கம்மா" என்றார்.

"அட, நீ ஒக்காரு தாயி. வேலைக்குப் போற பொண்ணு."

"எனக்குப் பரவால்லம்மா."

"எனக்கும் பரவால்ல. நீ ஒக்காரு."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இடம் சும்மாவே கிடந்தது. பட்டாபிராமில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள், காலி இடத்தைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். கீரைக்கார அம்மாவும் அஷ்ரஃபுன்னிசாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆவடி வரை நின்றார்கள். நம் ஊரில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. அதனால் ஆகிற காரியம்தான் குறைச்சல்.

மறுநாள் வேறொரு வயசான அம்மாவிடம்தான் அந்தப் பொய் பிறந்தது. "நான் அடுத்த ஸ்டேஷன்ல எறங்குறேன். நீங்க ஒக்காருங்க." அவ்வளவுதான், பேச்சே இல்லை, அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். இறங்கப்போகிறவர் விட்டுப்போகிற இடம் யாருடையதும் இல்லை. அதில் உட்கார யாருக்கும் கூச்சம் வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்லவும் வேண்டாம். உட்கார்ந்தவர் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்ததும் அஷ்ரஃபுன்னிசாவுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் இறங்குகிறேன் என்று சொன்னால் இறங்கித் தொலைக்கவேண்டுமே. அங்கேயே நின்றால் குட்டு உடைந்துவிடும், உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார். ஆகவே அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, நடைமேடையில் ஓடி, முன்னாலிருக்கும் பொதுப் பெட்டியில் ஏறிக்கொள்வார். ரயில் நிற்பது அரை நிமிஷம். புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, சாப்பாட்டுப் பை தோளில் குதிக்க, நாற்பத்தாறு வயசில் ஓடுவார். பட்டரவாக்கம் வரை அங்கே கம்பியைப் பிடித்தபடி நிற்பார். தன் சாமர்த்தியத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதே பெட்டியில் வரும் வரலட்சுமி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, ஏழாம் மாதத்திலிருந்து மூன்று மாதமும் அவருக்காக இப்படித்தான் ஓடினார். வரலட்சுமி பெரம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது மாமியார் வீடு இருக்கும் திருநின்றவூரில் ஏறுவார். குழந்தை பிறந்த பிறகு புட்லூரில் அம்மா வீட்டோடு இருக்கிறார்.

ஒருநாள் ஓடுகிற அவசரத்தில் ஒரு செருப்பு நடைமேடையிலேயே தங்கிவிட்டது. மற்றதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கம்பெனிக்குப் போனார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை, தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் சுசீலா, "அஷ்ரஃபு, எனக்கு இந்த செருப்பு சைஸு சரியில்ல. நீ போட்டுக்கிறியா?" என்று ஒரு புது ஜோடியை நீட்டினார். சுசீலா செவ்வாப்பேட்டையில் ஏறுகிறவர், வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. செருப்பு கனகச்சிதமாகப் பொருந்தியது. அல்லா கண்ணைத் திறந்தான் என்று அஷ்ரஃபுன்னிசா போட்டுக்கொண்டார். வேறு எதுவும் யோசிக்கவில்லை.

இந்த வருஷம் பக்ரீத் கழிந்த வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தார். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தார். ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் இருதயராஜ் போன் பண்ணினார்.

"அக்கா, திங்கக்கெழம வாங்க. ஒரு ஷிப்டு முழுசா நின்னு காட்டிட்டீங்கன்னா உங்க டேபிள் உங்களுக்கு. முடியலன்னா வேற ஆளப் போடச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லக்கா."

டாக்டர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தக் காலுக்கு ஒரு நாளைக்கு நிற்கிற தெம்பு இவ்வளவுதான், அதை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழியில் செலவு பண்ணாதீர்கள் என்றார். கணவர் சாதுல்லா பூந்தமல்லி கரையான்சாவடி பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "நான் ஆட்டோல கொண்டாந்து உட்டுடறேன்" என்றார்.

"அந்த ரோட்டுல உங்க ஆட்டோல வந்தா நல்லா கீற இன்னொரு முட்டியும் கழண்டுடும். ட்ரெயின்ல ஒக்காந்துகினு போயிடுவேன், உடுங்க" என்றார் அஷ்ரஃபுன்னிசா.

திங்கட்கிழமை வேப்பம்பட்டில் நிற்கும்போதே அறிவிப்பு வந்தது. முந்தைய ரயில் ரத்து. ஏழு பத்து வந்து நின்றபோது பெட்டியில் கால்வைக்க இடமில்லை. உள்ளே எப்படியோ ஏறி, முட்டிக்கு உறை மாட்டிய காலைத் தூக்கினாற்போல வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தார். ரயில் கிளம்பிய முதல் குலுக்கலிலேயே முட்டியில் சுரீரென்றது.

யாரிடமாவது கேட்டால் தருவார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கொடுத்துப் பழகிய மனுஷிக்குக் கேட்கத் தெரியவில்லை, இது ஒரு வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்படியே நின்றால் பட்டரவாக்கத்தில் இறங்கும்போதே கால் போய்விடும், மேசை கை மாறிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றார்.

"அக்கா, நான் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுவேன். வந்து ஒக்காருங்க."

வரலட்சுமி. எதிர் வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாமியார் வீட்டுக்குப் போகிறாளாக்கும் என்று அஷ்ரஃபுன்னிசா நினைத்துக்கொண்டார். வேறு எதையும் நினைக்கிற நிலையில் முட்டி அவரை விட்டுவைக்கவில்லை. சுசீலா நகர்ந்து, "ஜன்னலாண்ட வா, கால கொஞ்சம் நீட்டிக்கலாம்" என்று தன் இடத்தைக் கொடுத்தார். நாலு வருஷத்தில் அஷ்ரஃபுன்னிசா ஜன்னலோரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

திருநின்றவூர் வந்தது. வரலட்சுமி இறங்கினார். ஜன்னல் நடைமேடைப் பக்கம் இருந்தது. வரலட்சுமி ஸ்டேஷன் வாசல் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளில் பை குதிக்க, முன் பெட்டியைப் பார்த்து ஓடினார். கால் முதல் தலை வரை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஏறினது வரைக்கும் தெரிந்தது.

அஷ்ரஃபுன்னிசாவுக்கு முகம் சூடேறியது. "சுசீலாக்கா," என்றார் மெதுவாக, "இங்கருந்து பாத்தா எல்லாம் தெரியுதே."

"தெரியாம? நாலு வருசமா பாத்துகினுதானே கீறோம். இந்தப் பெட்டியே பாக்கும். நீ ஏறிட்டியா இல்லியான்னு பாத்துட்டுதான் நான் மூச்சே உடுவேன்."

"அப்போ அந்த செருப்பு?"

"அது என் சைஸே இல்ல, போ. உன் சைஸ கேட்டா உனக்குத் தெரிஞ்சுடுமே. கண்ணாலயே அளந்து வாங்கினேன்."

அஷ்ரஃபுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. சட்டென்று கம்பியைப் பிடித்து எழப்போனார். "அவள கூப்புடணும்க்கா. கைக்குழந்தைக்காரி, பெரம்பூர் வரைக்கும் நின்னுகினு போவா."

சுசீலா அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஒக்காரு. நீ எழுந்தா அவ ஓடுனது வீணாப் போயிடும்."

உட்கார்ந்தார்.

பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தபோது, பொதுப் பெட்டியின் வாசலில் வரலட்சுமி கம்பியைப் பிடித்து நிற்பது ஓரக்கண்ணில் பட்டது. அஷ்ரஃபுன்னிசா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே கடந்து போனார். அன்று சாயங்காலம் ஐந்தரை மணிவரை மேசை முன்னால் நின்றார். கடைசி ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான். இருதயராஜ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, மறுநாளைக்கான சட்டைக் கட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஏழு பத்தில் அவ்வளவு கூட்டமில்லை. சுசீலா ஜன்னலோரம். எதிரே வரலட்சுமி. அஷ்ரஃபுன்னிசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து திருநின்றவூர்ல எறங்குனியேம்மா, போன வேல முடிஞ்சுதா?"

வரலட்சுமி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "முடிஞ்சுதுக்கா."

"நல்லது" என்றார் அஷ்ரஃபுன்னிசா. சுசீலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.