எனக்கு வராத காய்ச்சல்

எனக்கு ஒரு கால் சற்றுப் பலவீனம். அதனால்தான் பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாக, அவசரமில்லாத சைக்கிள் பயணம் ஒன்று தோழிகளோடு போகத் திட்டமிட்டேன். வழி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நானே பேசி வைத்தேன்.

குறித்த காலையில், நாங்கள் கூடிக் கிளம்புவதாக இருந்த பழவேற்காடு டச்சுக் கல்லறை வாசலில் யாரும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. முன்னே போயிருப்பார்கள் என்று நினைத்து, காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்த லைட்ஹவுஸ் குப்பம் மேரியக்கா வீட்டுக்கு மிதித்தேன்.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இன்னாம்மா, அவங்க நேத்தே வந்து துன்னுட்டுப் போய்ட்டாங்களே. ஒனக்குக் காய்ச்சல், வரலன்னு சொன்னாங்க."

என்னோடு வந்தால் அவர்களும் மெதுவாகப் போக வேண்டுமே. அது புரிய எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

அக்கா புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சுடலியே?"

"இப்ப பரவால்லக்கா" என்றேன்.

என்னை ஏமாற்றிவிட்டுப் போனார்கள் என்று சொல்வதைவிட, காய்ச்சல் என்று சொல்வது அன்று எனக்கும் சுலபமாக இருந்தது.